குடுமியும் கிராப்பும்

தலைமயிரை வெட்டுவதா, வளர்ப்பதா என்னும் வினா ஓர் ஆராய்ச்சிக்கு உரியதன்று எனச் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். உணவுக்கும் உறையுளுக்கும் போராடும் மக்களைப் பற்றிப் பேசவேண்டிய பக்கங்களில் மயிரைப் பற்றியா எழுதுவது என அவர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும் வரலாற்றேடுகளைப் புரட்டுவோர்க்கு ஒன்று புலனாகும். குடிகளின் நிலத்தை அளந்து வரி விதித்த எத்தனையோ ஆட்சிகள், அதே கையோடு அவர்களுடைய தலையையும் அளந்து பார்த்திருக்கின்றன. எவன் மழிக்க வேண்டும், எவன் முடிய வேண்டும், எவள் கூந்தலை இழக்க வேண்டும் என்றெல்லாம் விதிகள் இருந்தன. விதியை மீறியோருள் சிலர் சவுக்கடி பட்டனர். சிலர் தலையையே இழந்தனர். மயிர் அற்பப் பொருளாயின் அதன் பொருட்டு இத்தனை குருதி சிந்தியிருக்க வேண்டுவதில்லை அன்றோ?

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழகத்து நண்பர் சிலர் 'மயிர்' என்றதும் கூசுகின்றனர். அங்கு அது வசைச்சொல்லாகத் தேய்ந்துவிட்டது. ஈழத்திலோ 'தலைமயிர்' இன்னும் மானத்தோடு வாழும் சொல். வள்ளுவர் கூசாது வழங்கியதை நாமும் வழங்குவோம்.

சங்க நூல்களில் ஆடவர் மயிருக்குக் குஞ்சி, பித்தை, குடுமி எனவும், மகளிர் மயிருக்குக் கூந்தல், ஓதி, ஐம்பால் எனவும் வெவ்வேறு பெயர்கள் வழங்கின. பாண்டியன் ஒருவனுடைய பெயரிலேயே குடுமி நிற்கிறது: பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. ஆணும் பெண்ணும் மயிரை நீள வளர்த்த காலம் அது. ஆனால் அக்காலத்தைப் பொற்காலமென்று போற்றுவோர் அதிகம் பேசாத செய்தி ஒன்றும் அந்நூல்களிலேயே உண்டு. நன்னன் தன் பகைவருடைய மகளிரின் கூந்தலைக் களைந்து கயிறு திரித்தான் என நற்றிணை கூறும். சேரன் செங்குட்டுவன் பழையனை வென்று, அவன் காவல்மரமாகிய வேம்பை வெட்டி வீழ்த்தி, அதனை இழுக்க யானைகளைப் பூட்டியது பகைவர் மனைவியரின் கூந்தலாற் திரித்த கயிற்றால் எனப் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகம் பெருமையோடு பேசும். கணவனை இழந்தவள் கூந்தலைக் களைந்த செய்தி புறநானூற்றிலும் வருகிறது. போரில் தோற்றவன் நாட்டை இழந்தான். அவன் மனைவி தலைமயிரையும் இழந்தாள். வென்றவனுடைய புலவன் அதனைப் பாட்டாக்கினான். தமிழர் வீரத்தை வகுப்பறையிற் புகழும்போது இக்கயிற்றையும் சேர்த்தே மாணவர்க்குக் காட்டுதல் வேண்டும் என்பது நம் கருத்து.

வெட்டுவதா, வளர்ப்பதா என்னும் வினாவுக்குத் தமிழில் முதன்முதல் நேர்விடை இறுத்தவர் வள்ளுவரே என்று துணிந்து சொல்லலாம். கூடாவொழுக்கம் என்னும் அதிகாரத்தில், உலகம் பழிப்பதைக் கைவிட்டவனுக்குத் தலையைச் சிரைப்பதும் வேண்டியதில்லை, சடை வளர்ப்பதும் வேண்டியதில்லை என்று அவர் முடிவு கட்டினார். சமண, பௌத்தத் துறவியர் ஒருபுறம் மழித்த தலையோடும், வேறு தவத்தோர் மறுபுறம் நீண்ட சடையோடும் மக்களிடம் மதிப்புத் தேடிய சூழலில் இச்சொல் எழுந்தது. இரு சாராரையும் ஒரே மூச்சில் எழுந்து போகச் சொன்ன துணிவு அது. ஆயினும் அவர் பேசியது துறவியைப் பற்றி. சாதாரண மனிதன் தன் தலையை என் செய்வது என்பதை அவனிடம் கேட்க ஒருவரும் நினைக்கவில்லை.

நாம் வாழும் புத்தளக் கரைக்கு வருவோம். 1344இல் மாலைதீவிலிருந்து வந்த இப்னு பதூதா கரையிறங்கிய 'பத்தாலா' என்னும் இடம் புத்தளமே என்பர் அறிஞர். ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்று, பாவா ஆதம் மலைக்குச் செல்லத் துணையாக நான்கு யோகியரையும் மூன்று பிராமணரையும் வேறு பலரையும் அனுப்பினான். இந்த ஊர்வலத்தை மனக்கண்ணிற் பார்ப்பது நமக்குப் பெரும் விருப்பம். சடையும் குடுமியும் தலைப்பாகையும் ஒரே ஒற்றையடிப் பாதையில் ஏறியிருக்கும். அதே பயணி எகிப்தில் தாடியையும் புருவத்தையும்கூட மழித்துவிடும் கலந்தரியாப் பக்கீர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஆகவே மழிப்பதிலும் வளர்ப்பதிலும் உலகம் எத்தனை விதம் என்பதை அறிந்த மனிதர் அவர். மலை ஏறிய எவரும் மற்றவர் தலையைத் திருத்த முற்பட்டதாக அவருடைய நூலில் இல்லை.

சிங்கள மக்களிடையேயும் ஆடவர் நீள்மயிர் வளர்த்துக் கொண்டையாக முடியும் வழக்கம் மிகப் பழையது. கீழ்நாட்டுச் சிங்கள ஆடவர் அக்கொண்டைக்கு முன்னே ஆமையோட்டாற் செய்த வளைந்த சீப்பைச் செருகினர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் இறங்கிய ஐரோப்பியர் பலர், எதிரே வந்தது ஆணா பெண்ணா எனத் தெரியாமல் மயங்கியதாக எழுதிவைத்தனர். மயக்கம் அவர்களுடையது, கேலி மட்டும் நம்மவர் தலையில் விழுந்தது. சீப்பின் உயரம் முதலியார் பதவியின் உயரத்தையும் காட்டிற்று என்பதை மறத்தலாகாது. கூலிக்காரன் தலையில் அத்தகைய ஆமையோடு ஏறவில்லை.

இனி, மயிரின் பேரால் துப்பாக்கி வெடித்த கதைக்கு வருவோம். 1805இன் இறுதியில் சென்னைப் படையின் தளபதி சர் ஜோன் கிரடொக், சிப்பாய்களின் தோற்றத்தைச் 'சீர்திருத்த' முனைந்தார். அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் முகவாயை மழிக்க வேண்டும். மீசை எல்லோருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும். நெற்றியில் நீறோ நாமமோ கூடாது. காதில் கடுக்கன் கூடாது. தோற்பட்டை கொண்ட புதிய தலைப்பாகை அணிய வேண்டும். மறுத்தவர் கசையடி பெற்றனர். 1806 ஜூலை 10ஆம் நாள் விடியுமுன் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தனர். இந்துவும் முஸ்லிமும் ஒன்றாக எழுந்தனர் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவன் நீற்றுக்காகவும் மற்றவன் தாடிக்காகவும் எழுந்தான். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படை வந்து அன்றே எழுச்சியை நசுக்கிற்று. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டனர். பின்னர் அவ்வுத்தரவு கைவிடப்பட்டது. கிரடொக்கும் ஆளுநர் வில்லியம் பெண்டிங்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

தாடிக்காகவும் தலைப்பாகைக்காகவும் மட்டும் வேலூர் கொந்தளித்தது என்று சொல்வது பேதைமை. குறைந்த சம்பளம், வெள்ளை அதிகாரியின் இறுமாப்பு, கோட்டைக்குள் சிறைவைக்கப்பட்டிருந்த திப்புவின் புதல்வர்கள் எனக் காரணங்கள் பல திரண்டிருந்தன. ஆனால் திரண்ட விறகுக்குத் தீ எது என்பதை ஏகாதிபத்தியத்தின் எழுத்தர்களே ஒப்புக்கொண்டனர். சம்பளத்தைக் குறைத்தபோது முணுமுணுத்தவன், முகத்தில் கத்தி வைத்தபோது துப்பாக்கியை எடுத்தான். இதனை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. தன் உடல் இன்னும் தன்னுடையதே என்று அவன் காட்டுவதற்கு எஞ்சியிருந்த இடம் அது ஒன்றே என நாம் கருதுகிறோம்.

வாளால் முடியாததை வேதத்தால் முடிக்கலாம் என எண்ணியோரும் இருந்தனர். தமிழகத்துக் கிறிஸ்தவ மிஷனரிமாருள் ஒரு சாரார், குடுமி சிலைவழிபாட்டின் சின்னம், ஆகவே மதம் மாறியோர் அதனை அறுத்தெறிய வேண்டும் என வற்புறுத்தினர். இதனை எதிர்த்தவர், வியப்புக்குரிய வகையில், மற்றொரு மிஷனரியே. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல்தான் அவர். குடுமி சமயச் சின்னமன்று, நாட்டு வழக்கம். அதனை வைப்பதும் எடுப்பதும் ஆன்மாவைப் பற்றிய செய்தியன்று என அவர் வாதாடினார். குடுமியைப் பற்றிய அவருடைய கட்டுரை 1875இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் வெளிவந்தது. இடையன்குடியின் ஏழை மக்களோடு பல்லாண்டு வாழ்ந்தவர் ஆதலின், தலையைப் பிடித்து இழுத்து ஒருவனை மோட்சத்திற் சேர்க்க முடியாது என்பதை அவர் உணர்ந்திருத்தல் கூடும்.

இலங்கையில் இதே தகராறு தொப்பியின் வடிவில் வந்தது. 1905இல் அப்துல் காதர் என்னும் முஸ்லிம் வழக்கறிஞர் துருக்கித் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றினார். தொப்பியைக் கழற்று, அல்லது காலணியைக் கழற்று என்றார் பிரதம நீதியரசர் லேயாட். அவ்வாண்டின் இறுதி நாளன்று மருதானையில் முஸ்லிம் மக்கள் பெருந்திரளாகக் கூடிக் கண்டனம் தெரிவித்தனர். முடிவில் அதிகாரம் இறங்கி வந்தது. வழக்கறிஞரின் தலைக்காக நாடே கூடியது சிறப்புத்தான். வாடிகளிலும் வயல்களிலும் கூலியின்றி வியர்த்த முஸ்லிம் தொழிலாளியின் தலைக்காக அத்தகைய கூட்டம் கூடியதா என்று கேட்பது அழகன்று. ஆயினும் கேட்கத் தோன்றுகிறது.

சீனத்தின் கதை இவை எல்லாவற்றையும் விஞ்சும். 1645இல் மஞ்சு ஆட்சியாளர், சீன ஆடவர் யாவரும் முன்தலையை மழித்துப் பின்னே சடை தொங்கவிட வேண்டும் என ஆணையிட்டனர். தலையை வைத்துக்கொள்ள விரும்பினால் மயிரை இழ. மயிரை வைத்துக்கொள்ள விரும்பினால் தலையை இழ என்பதே ஆணையின் சாரம். ஜியாங்யின் என்னும் நகரம் பணிய மறுத்து எண்பது நாளுக்கு மேல் போரிட்டு அழிந்தது. காலம் செல்லச் செல்ல, அடிமைத்தனத்தின் அடையாளமாகத் திணிக்கப்பட்ட அச்சடையே முன்னோர் மரபென்று போற்றப்படலாயிற்று. அடிமைக்கு விலங்கு பழகினால் அது அணிகலன் ஆகிவிடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? 1911இன் புரட்சி வந்தபோது சடை அறுப்பது குடியரசின் குறியாயிற்று. நேற்றுவரை சடையை அறுத்தவனைக் கொன்றனர். இன்று சடை வைத்தவனைத் தெருவில் மறித்துக் கத்தரித்தனர்.

இந்த அவலத்தை லூ சுன்னைப் போல் உணர்ந்து எழுதியவர் இல்லை. ஜப்பானில் மாணவராயிருந்தபோது 1903இல் தம் சடையை அறுத்தவர் அவர். 1909இல் தாய்நாடு திரும்பியபோது பொய்ச்சடை சூட வேண்டிய நிலையும் அவருக்கு நேர்ந்தது. 1920இல் அவர் எழுதிய சிறுகதைகளுள் ஒன்று ஒரு படகோட்டியைப் பற்றியது. நகரத்துக்குச் சென்ற அவனுடைய சடையைப் புரட்சிக்காரர் அறுத்துவிட்டனர். 1917இல் பேரரசனை மீண்டும் அரியணை ஏற்ற ஒரு தளபதி முயன்றான் என்னும் செய்தி கிராமத்தை எட்டியதும், இனிச் சடையில்லாதவன் கதி என்னாகுமோ என்று அவன் குடும்பமே நடுங்குகிறது. அவன் எந்தக் கட்சியையும் சேர்ந்தவனல்லன், அரசியலும் அறியான். படகு தள்ளிப் பிழைக்கும் ஏழை. தலைநகரத்தில் ஆட்சி மாறும்போதெல்லாம் அவன் தலையைத் தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த மீட்பு முயற்சி பன்னிரண்டு நாளில் கவிழ்ந்தது. வெட்டுவதா வளர்ப்பதா என்னும் வினாவைப் பொதுமக்கள் வரலாற்றில் பெரும்பாலும் இவ்வாறுதான் சந்தித்திருக்கின்றனர். தாம் முடிவு செய்யவில்லை, யாரோ முடிவு செய்ததற்கு அஞ்சினர்.

அஞ்சாது தாமே முடிவு செய்தோரும் உண்டு. 1908இல் நடு வியத்நாமில் வரிச்சுமையை எதிர்த்து எழுந்த விவசாயிகள் தம் கொண்டைகளை வெட்டிக்கொண்டு ஊர்வலம் சென்றனர். பிரெஞ்சு அதிகாரிகள் அவ்வெழுச்சிக்கு 'மயிர் வெட்டியவர் கலகம்' என்றே பெயரிட்டனர். வேலூரில் மழிக்க மறுத்தது புரட்சி. வியத்நாமில் வெட்டியது புரட்சி. மயிருக்குத் தனக்கென ஒரு கட்சி கிடையாது. ஆகவே நீள்மயிர் மரபு, குறுமயிர் முன்னேற்றம் என்றோ, அதற்கு மறுதலையாகவோ வாய்பாடு எழுதிவைப்போர் வரலாறு கற்றவராகார்.

தமிழகத்திற் கிராப்பு பரவியது உத்தியோகத்தோடும் இரயிலோடும் பட்டணத்தோடும் ஆகும். குடுமி பிராமணருக்கு மட்டும் உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. பல சாதியாரும் முன்குடுமி, பின்குடுமி, பக்கக்குடுமி என வைத்திருந்தனர். ஏனையோர் கிராப்புக்கு மாறி, வைதிகர் மட்டும் மாறாது நின்றமையாற்றான் பிற்காலத்தில் அது ஒரு சாதியின் சின்னம்போலத் தோன்றலாயிற்று. காசியில் வாழ்ந்த இளமைக்காலத்திற் பாரதி குடுமியைக் களைந்து கிராப்பும் மீசையுமாக நின்றதும், வீட்டுப் பெரியவர் மனம் வெதும்பியதும் பலரும் அறிந்த செய்தி. 1930களில் பெரியார் ஒருபடி மேலே சென்று, பெண்களும் கூந்தலைக் கத்தரித்துக்கொள்ளட்டும் என்றார். நாள்தோறும் எண்ணெய் பூசிச் சிக்கெடுத்துப் பின்னும் நேரத்தைப் பெண் தனக்காகச் செலவிடட்டும் என்பதே அதன் உட்கிடை. ஆண்கள் கைதட்டினர், வீட்டுக்குச் சென்று மனைவியிடம் சொன்னோர் சிலரே.

பெண்ணின் கூந்தலைப் பற்றிப் பேசப் புகுந்தால் கைம்பெண்ணின் மொட்டையைப் பற்றிப் பேசாது விடுதல் தகாது. கணவன் இறந்த பிராமணச் சிறுமியின் தலையை மழிப்பது சாத்திரமெனப்பட்டது. பத்துப் பன்னிரண்டு வயதிற் கைம்பெண் ஆனவள், மயிர் அரும்பும்தோறும் கத்திக்குத் தலை கொடுத்து வாழ்நாளைக் கழித்தாள். சீர்திருத்தக்காரர் இதனைக் கண்டித்து மேடையில் முழங்கினர், நாவல் எழுதினர். ஆனால் கத்தியை வைத்திருந்தவன் யார்? நாவிதன். அவன் மறுத்தால்? இந்த எளிய கேள்வியைப் படித்த மேட்டுக்குடியினர் கேட்கவில்லை, தொழிலாளரே கேட்டனர். 1890இல் பம்பாயில் நாவிதர்கள் திரண்டு கூடி, இனிக் கைம்பெண்களின் தலையை மழிக்க மாட்டோம் என உறுதி பூண்டனர். அவர்களைக் கூட்டியவர் மகாத்மா புலேயின் வழிவந்தவரும், 1884இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவியவருமாகிய நாராயண் மேகாஜி லோகண்டே. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்வதை நாம் அறிவோம். தமக்கு யாதொரு பயனுமின்றி, தம்மை வாசலுக்கு வெளியே நிறுத்திய வீட்டுப் பெண்ணின் மானத்துக்காகத் தம் கூலியைத் துறக்கத் துணிந்த இத்தொழிலாளரை எந்தப் பாடநூல் போற்றுகிறது?

சென்னையில் இளங்கைம்பெண்ணாகிய சுப்புலட்சுமியின் தலையைப் பெற்றோர் மழிக்கவில்லை. அவரே பின்னர் 1912இல் இளம் விதவைகளுக்கு இல்லம் அமைத்துக் கல்வி ஊட்டினார். மயிர் எஞ்சிய தலையில் கல்வியும் ஏறிற்று எனலாம். பெண் தானே கத்தரிக்கோலை எடுத்த காட்சியையும் நம் காலம் கண்டுவிட்டது. 2022 செப்டெம்பரில், முக்காட்டைச் சரியாக அணியவில்லை எனப் பிடிக்கப்பட்ட மஹ்சா அமினி ஈரானியக் காவலில் இருந்த நிலையில் இறந்தபோது, அந்நாட்டுப் பெண்கள் தெருவில் நின்று தம் கூந்தலை வெட்டினர். வியத்நாமிய விவசாயியின் மொழியை அவர்கள் பேசினர்.

இனி, நம் கைக்கெட்டும் தூரத்திலுள்ள வகுப்பறைக்கு வருவோம். ஆலங்குடாவிலும் அதனைச் சூழ்ந்த கற்பிட்டிக் கரையூர்களிலும் மாணவர் தலை இன்று ஓயாத விவாதப் பொருள். காதை மூடி, தோளைத் தொடாது நிற்கும் நடுத்தர நீளம்தான் பெரும் சங்கடம். குறுக வெட்டியவனைப் பாடசாலை ஏற்கும். நீள வளர்த்தவனை வெளிப்படையாகவே மறுக்கும். நடுவே நிற்பவனை என் செய்வதென்று எவருக்கும் தெரிவதில்லை. பக்கங்களை ஒட்டச் சிரைத்து உச்சியில் மட்டும் அடர்த்தியாக விடும் கால்பந்தாட்டக்காரர் பாணியும் வந்திருக்கிறது. தலையின் ஒரு பகுதியை மழித்து ஒரு பகுதியை விடுவதை நபிமொழி தடுத்திருக்கிறது என மார்க்க ஆசிரியர் கண்டிக்கிறார். கண்டனத்துக்கு ஆதாரம் உண்டு. ஆனால் அண்ணலாரின் திருமுடி சில வேளை காதுமடல்வரையும் சில வேளை தோள்வரையும் இருந்ததென அதே மரபு கூறுவதை ஒரு பையன் எடுத்துக்காட்டினால், ஆசிரியர் ஓய்வறையில் அமைதி நிலவுகிறது. இத்தகைய கேள்வியை எழுப்பும் மாணவனை நாம் உள்ளூர வாழ்த்துகிறோம்.

ஒழுக்கம், தூய்மை, சமத்துவம் என மூன்று நியாயங்களைப் பாடசாலை சொல்லும். சீருடை ஏழை பணக்காரன் வேற்றுமையை மறைக்கிறது என்பது உண்மை. அதனை நாம் வரவேற்கிறோம். மயிர் விதி அவ்வாறு வேலை செய்வதில்லை. சீருடை ஒருமுறை தைத்தால் ஓராண்டு உழைக்கும். தலைமயிரோ மாதந்தோறும் காசு கேட்கும். தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இக்கரையில் வள்ளங்கள் மணலில் ஏறிக் கிடக்கும். கையிற் பொருள் உள்ளவர் கிழக்குக் கரைக்குத் தொழிலுக்குப் பெயர்வர். அம்மாதங்களில் நம் வகுப்பு மாணவர் தலைமயிர் நீள்கிறது. கடல் தணிந்து வலை நிறைந்தால் குறைகிறது. இதனை நாம் சில ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறோம். ஒழுக்கக் கேடு என்று பதிவேட்டில் எழுதப்படுவது, பல பையன்களைப் பொறுத்தவரை, கடலின் கணக்கே.

நாம் அறிந்த ஒரு பாடசாலையில், காலைக் கூட்டத்தின்போது நான்கு மாணவரை முன்னே அழைத்து, அவர்கள் உச்சந்தலையின் குறுக்கே கத்தரிக்கோலால் ஒரு கோடு வெட்டி அனுப்பினர். மற்ற மாணவர் சிரித்தனர். ஆசிரியர் சிலரும் சிரித்தனர். அந்நால்வருள் மூவர் மறுநாள் மொட்டைத் தலையோடு வந்தனர். நான்காமவன் வரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஏழு மாதம் இருந்த அவன் இப்போது ஒரு மீன்வாடியில் கருவாடு காயவைக்கிறான். உடல் தண்டனையை விலக்கும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. பிரம்பைக் கீழே வைத்த கை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டது. மாணவன் தூய்மையாக வரட்டும், தொழிற்கூடத்தில் மயிரைக் கட்டிக்கொள்ளட்டும், பேன் இருந்தால் மருந்து வைக்கட்டும். இவற்றைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. அவன் தலையைத் தொட்டு வெட்ட எந்த ஆசிரியனுக்கும் உரிமை இல்லை. இதில் இருபக்க நியாயம் பேசும் நடுநிலைமை நம்மிடம் இல்லை.

கத்தரிக்கோலைப் பற்றி இவ்வளவு பேசினோம். அதனைத் தொழிலாகக் கொண்ட கையைப் பற்றிப் பேசாதிருப்பது பெருங்குறை. கற்பிட்டியிற் பிறந்து 1834இல் இலங்கைக் கசற்றியரை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, தமிழரின் சாதிகளையும் வழக்கங்களையும் தொகுத்தெழுதியவர். அவர் காலத்து நிலமானிய ஒழுங்கில் நாவிதர் குடிமைத் தொழிலாளர். யாழ்ப்பாணத்திற் பஞ்சமர் எனத் தள்ளப்பட்ட ஐந்து சாதியாருள் அம்பட்டரும் ஒருவர். வீடு தேடிச் சென்று சிரைத்து, அறுவடையின்போது நெல் பெறுவர். பிறப்பிலும் பூப்பிலும் இறப்பிலும் அவரின்றிச் சடங்கு நடவாது. சடங்கு முடிந்தபின் அவருக்கு வீட்டினுள் இடமில்லை. இஸ்லாம் சாதியை ஏற்பதில்லை என்று பெருமையோடு சொல்லும் நம் முஸ்லிம் சமூகத்திலும் ஒஸ்தா என்னும் பரம்பரை நாவிதர் இருந்தனர். முடி களைதலும் கத்னாவும் அவர்கள் கையால் நடந்தன; சம்பந்தம் மட்டும் அவர்களோடு நடக்கவில்லை. கிழக்குக் கரை முஸ்லிம்களிடையே இந்நிலையைத் தெனிஸ் மக்கில்வ்ரே தம் 2008ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்துள்ளார். பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்றவர், கலியாணப் பேச்சில் தள்ளி நின்றனர்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரைக்கு வந்தனர். ஆலங்குடாவிலும் கிடுகுக் கொட்டில்கள் நிறைந்தன. நிலமும் வீடும் ஆவணமும் இழந்த அந்நிலையில், இன்ன குடும்பத்துக்கு இன்ன ஒஸ்தா என்னும் பழைய முறை நிற்க இடமேது? ஒரு கண்ணாடியைத் தென்னையில் மாட்டி, கீழே ஒரு நாற்காலியைப் போட்டவர் எவரோ அவரே முடிவெட்டினார் என மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இடப்பெயர்வைப் போற்றுவதற்காக இதனைச் சொல்லவில்லை. கொடுமை கொடுமையே. ஆயினும் காசு கொடுத்து வெட்டிக்கொள்ளும் தலைக்கு முன்னே பரம்பரை உரிமை செல்லாது.

யாழ்ப்பாணத்திலும் சலூன் அவ்வாறே வந்தது. நாவிதர் தலையைத் தேடிச் சென்ற காலம் போய், தலை நாவிதரைத் தேடி வரலாயிற்று. நெல் போய்க் காசு வந்தது. நின்று சிரைத்தவர் கடைக்கு முதலாளியானார். ஆனால் சாதி அவ்வளவு எளிதில் வாசலுக்கு வெளியே நிற்கவில்லை. ஒடுக்கப்பட்ட நாவிதரின் சலூனில், அவரைப் போலவே ஒடுக்கப்பட்ட பள்ளரும் நளவரும் தலை கொடுக்க முடியாதிருந்தது. அவர்களை ஏற்றால் வெள்ளாளர் வாரார் என்னும் அச்சம். ஒரு கத்தியைக் கொண்டு இரு ஏழைகளைப் பிரித்துவைக்கும் வித்தையை நம் நிலப்பிரபுக்கள் நன்கு கற்றிருந்தனர். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. சட்டத்தை ஏட்டிலிருந்து தெருவுக்கு இறக்க 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் சென்றவர்கள் பொலிசாரின் தடியடியைத் தாங்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு, அதே யாழ்ப்பாணத்தில், ஒரு சலூனுக்குள் வேறொரு வேலை நடந்தது. வகுப்பறையிற் சாதியைச் சொல்லி இழித்துரைக்கப்பட்டு, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தந்தையின் ஜோசப் சலூனிற் கத்தரிக்கோல் பிடித்தவர் டொமினிக் ஜீவா. தோழர் ஜீவானந்தத்தின்பாற் கொண்ட பற்றால் அவர் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். 'தண்ணீரும் கண்ணீரும்' என்னும் அவருடைய சிறுகதைத் தொகுதி 1960இல் வெளிவந்து இலங்கைச் சாகித்தியப் பரிசைப் பெற்றது. 1966 ஆகஸ்டில் அவர் 'மல்லிகை' மாத இதழைத் தொடங்கினார். அதற்கு முதல் அலுவலகம் அந்தச் சலூன்தான். இதழாசிரியரைக் காண வந்த எழுத்தாளரும் பேராசிரியரும், முடிவெட்டிக்கொள்ள வந்தோர் அமர்ந்திருந்த அதே வாங்கில் இடம்பிடித்துக் காத்திருந்தனர். ஆசிரியர் ஒரு தலையை முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, அச்சுக்குப் போகவேண்டிய தாள்களைக் கையில் எடுப்பார்.